ஆலயப் படியில் ஏழு சென்டிமீட்டர்

தண்ணீர் திரும்பி வந்தது. அன்பானவர்களே, என் சாட்சியை இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். போன தை மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில், பாதி கட்டிய ஒரு வாய்க்காலுக்குள் நின்றுகொண்டிருந்தேன். மேஸ்திரி ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தார். கீழ் ஏரியைப் பார்த்து ஓட வேண்டிய தண்ணீர் கொஞ்ச தூரம் போனது. புதுக் கான்கிரீட்டின் விளிம்பில் முட்டியது. அப்படியே திரும்பி வந்து என் ஷூவை நனைத்தது. அங்கே நின்ற பன்னிரண்டு பேரும் தண்ணீரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள்.

அந்தப் புதுக் கான்கிரீட்டுக்கு மட்டம் குறித்துக் கொடுத்தது நான்.

என் பெயர் எஸ்தர். ஏரியூர்க்காரி. எங்கள் வீட்டில் முதல் இன்ஜினியர் நான்தான். சிவில் படித்தேன். படித்து முடித்து ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து ஜெபித்த பிறகு, தர்மபுரியில் ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் வேலை கிடைத்தது. வேலை கிடைத்த அன்று அப்பா ஊரில் பாதிப் பேருக்கு மிக்சர் கொடுத்தார். ஆனால் வேலைக்குப் போன பிறகு நான் தினமும் காலையில் என்ன ஜெபித்தேன் தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது. "ஆண்டவரே, இன்னைக்கு யாரும் என்னைக் கேள்வி கேக்கக் கூடாது." அவ்வளவுதான் ஜெபம். ஏழு மாதமாக அதே ஜெபம்.

கேள்வி கேட்டால் எனக்கு வாய் உலர்ந்துவிடும். பதில் தெரிந்திருந்தாலும் உலர்ந்துவிடும். கல்லூரியிலேயே அப்படித்தான். சைட்டில் எங்கள் இன்சார்ஜ் செல்வம் சார் எதைச் சொன்னாலும் "சரிங்க சார்" என்பேன். புரிந்தாலும் சரிங்க சார், புரியாவிட்டாலும் சரிங்க சார். சாரில் இருந்து வேலையாட்கள் வரை எல்லாரும் என்னைப் "பாப்பா" என்று கூப்பிட்டார்கள். எனக்கும் அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் பட்டது.

வேலை இதுதான். மேல் ஏரி நிரம்பினால் வழிகிற தண்ணீரைக் கீழ் ஏரிக்குக் கொண்டுபோக இருநூறு மீட்டர் கான்கிரீட் வாய்க்கால். மேல் பாதி புரட்டாசியிலேயே முடிந்துவிட்டது. அதற்குச் செல்வம் சார்தான் மட்டம் எடுத்தார். அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். பிறகு மழை வந்தது, வேலை நின்றது. தையில் மறுபடி ஆரம்பித்தபோது, "கீழ் பாதிக்கு நீயே லெவல் எடுத்துக் குடும்மா" என்று சொல்லிவிட்டுச் சார் இன்னொரு சைட்டுக்குப் போய்விட்டார்.

மட்டம் எடுக்க ஆடாத அசையாத ஓர் இடம் வேண்டும். அதைத்தான் பெஞ்ச்மார்க் என்போம். அந்த இடத்தின் உயரத்தை வைத்துத்தான் மற்ற எல்லா இடத்தின் உயரத்தையும் கணக்கிடுவோம். எங்களுக்கு அது ரோட்டோரத்தில் இருந்த சின்ன ஆலயத்தின் மேல்படி. படியின் ஓரத்தில் சிவப்புப் பெயிண்ட்டில் ஓர் அம்புக்குறி போட்டிருந்தார்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நான் லெவல் மெஷினை நிறுத்துவேன். மல்லிகா அக்கா, எங்கள் சைட்டில் வேலை செய்கிறவர், செருப்பை ரோட்டிலேயே கழற்றிவிட்டுப் படியேறி, அந்த அம்புக்குறி மேல் அளவுகோலை நிறுத்துவார். அது ஆளைவிடப் பெரிய அளவுகோல். நான் மெஷின் வழியாகப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்வேன். "புள்ளையார் கோயிலா இருந்தா என்ன, ஏசு கோயிலா இருந்தா என்ன, சாமி வாசல்ல செருப்போட நிக்க முடியுமா" என்பார் அக்கா. புரட்டாசியில் அளவுகோல் பிடித்தவர் பெங்களூர் வேலைக்குப் போய்விட்டார்.

அப்படி நான் கொடுத்த மட்டத்தில், ரோடு வசதியாக இருந்த கீழ்க் கோடியிலிருந்து ஆரம்பித்து, மேல் நோக்கி அடிக் கான்கிரீட் போட்டுக்கொண்டே வந்தார்கள். நூறு மீட்டர் போட்டாகிவிட்டது. மேல் பாதி முடிந்த இடத்திலிருந்து, அதன் மட்டத்திலேயே இந்தப் பக்கமும் ஒரு துண்டு போட்டு, இரண்டும் சேரும் இடத்தைச் சோதிக்கத்தான் மேஸ்திரி அந்தக் குடத்தைக் கவிழ்த்தார். புதிய பாதி ஏழு சென்டிமீட்டர் மேலே நின்றது. ஏழு சென்டிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். வாய்க்காலில் அது மலை.

செல்வம் சார் வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எதும்மா தப்பு? நான் எடுத்ததா, நீ எடுத்ததா?"

"தெரியல" என்று சொல்லத் தைரியமில்லாமல் நோட்டைப் புரட்டிக்கொண்டு நின்றேன்.

"திங்கக்கிழமை காலையில டிபார்ட்மெண்ட் இன்ஜினியர் வராரு. எங்க தப்புன்னு தெரியலன்னா மேல கட்டுன செவுத்தையும் சேத்து ஒடைக்கச் சொல்வாரு. அதுக்குள்ள எனக்குப் பதில் வேணும். முடியலன்னா சொல்லிடு, வேற ஆளப் போட்டுக்கறேன்."

நோட்டை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தேன். பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். கணக்கை மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் சரி. கூட்டல் சரி, கழித்தல் சரி, எல்லாமே சரி. கணக்கு சரியாக இருந்து தண்ணீர் மட்டும் தப்பாகப் போனால் யார் தப்பு? நான்தான் தப்பு என்று முடிவு செய்தேன். எண்ணைத் தப்பாகப் படித்திருப்பேன். கண் சரியில்லை, மூளை சரியில்லை, நான் இதற்கு லாயக்கில்லை. அழுதேன். தேம்பித் தேம்பி அழுதேன்.

சனிக்கிழமை மாலை நான் ஏரியூருக்குப் பஸ் ஏறுகிற வழக்கம். அன்று ஏறவில்லை. அப்பா போன் செய்தார்.

"என்னா கண்ணு, இன்னும் பஸ் ஏறலியா? அம்மா கோழி அடிச்சு வெச்சிருக்குது."

"வேலை இருக்குதுப்பா" என்றேன். வேலையே போகப் போகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டு, செல்வம் சாருக்கு ஒரு மெசேஜ் அடித்தேன். "சார், நான் வேலையை விட்டு நின்றுகொள்கிறேன். மன்னிக்கவும்." அனுப்பவில்லை. காலையில் அனுப்பலாம் என்று வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை. ஆராதனைக்கு எங்கே போவது? பக்கத்தில் இருந்தது அந்த ஆலயம்தான். மாதக்கணக்கில் மெஷின் வழியாகவே அதன் படியைப் பார்த்திருக்கிறேனே தவிர, ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை. அன்று போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். போதகர் ஐயா என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் என் வழக்கை ஆண்டவரிடம் வாதாடிக்கொண்டிருந்தேன். அந்த ஜெபம் மட்டும் வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"ஆண்டவரே, யாரும் கேள்வி கேக்கக் கூடாதுன்னு இத்தன நாளு கேட்டேன். இப்ப நான் உம்மைக் கேக்கறேன். எங்க தப்புப் பண்ணேன்னு காட்டுங்க. காட்டிட்டா எல்லார் முன்னாடியும் ஒத்துக்கறேன். வேலை போனாலும் போவட்டும். ஆனா தெரியாமயே வூட்டுக்கு அனுப்பிடாதீங்க."

ஆராதனை முடிந்தது. எல்லாரும் வெளியே வந்தோம். படியில் இறங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. கடைசிப் படியிலிருந்து தரையில் கால் வைத்தேன். தரை அங்கே இல்லை! கால் இன்னும் கீழே போனது. அப்படியே முன்னால் சாய்ந்து, முன்னே போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் போட்டுத் தரையில் விழுந்தேன்.

அந்த அம்மா திரும்பிச் சிரித்தார். "சர்ச்சுக்குப் புதுசா கண்ணு? புதுசா வர்றவங்க எல்லாரும் ஒரு தரம் வுழுந்துதான் எந்திரிப்பாங்க. போன ஐப்பசியில அறுப்புப் பண்டிகைக்குக் கல்லு ஒட்டனதுல இருந்து இந்தக் கடேசிப் படி இப்படித்தான் இருக்குது."

அன்பானவர்களே, நான் எழுந்திருக்கவில்லை. விழுந்த இடத்திலேயே இருந்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். படிகளின் மேல் கல் ஒட்டினால் எல்லாப் படியும் ஒரே அளவு உயரும். ஆனால் தரை உயராது. அதனால் கடைசிப் படி மட்டும் மற்றதைவிட உயரமாகிவிடும், இறங்குகிறவர் கால் ஏமாந்துவிடும். இதை நான் மூன்றாம் வருஷத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

கல் ஒட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் படி உயர்ந்திருக்கிறது. அப்படியென்றால் என் பெஞ்ச்மார்க்?

எழுந்து மேல்படிக்கு ஓடினேன். கைப்பையில் டேப் எப்போதும் இருக்கும். படியின் பக்கவாட்டில், பழைய சிமெண்டுக்கு மேல் சாந்து, சாந்துக்கு மேல் கிரானைட் கல், மூன்றும் வரிவரியாகத் தெரிந்தன. டேப்பை வைத்தேன். சாந்து ஐந்து சென்டிமீட்டர். கல் இரண்டு. ஏழு! சத்தமாகவே கத்திவிட்டேன். "ஏழு!" வாசலில் நின்ற போதகர் ஐயா என்னவோ ஏதோ என்று இறங்கி வந்தார். எனக்கு அடிபட்டுவிட்டது என்று ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார்.

மேலே கல்லின் ஓரத்தில் சிவப்பு அம்புக்குறி பளிச்சென்று இருந்தது. பழைய படியில் இருந்த குறிதான் கல்லுக்கு அடியில் போயிருக்க வேண்டுமே, இது எப்படி மேலே வந்தது என்று கேட்டேன். கல் ஒட்டிய டேவிட் அண்ணன் அங்கேயே இருந்தார், அந்தச் சபைக்காரர்தான். முகமெல்லாம் மலர்ச்சியாகச் சொன்னார்.

"நான்தாங்க வெச்சேன். கெவருமெண்டு மார்க்காச்சே, கல்லுக்கு அடியில போயிட்டா உங்களுக்குக் கஷ்டமாச்சேன்னு, அதே எடத்துக்கு நேரா மேல, ஒரு நூல் பிசகாம வெச்சேன். பெயிண்ட்டுகூட நானே வாங்கிட்டு வந்தேங்க. சரியாத்தான இருக்குது?"

அவர் முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்வது? இடம் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. உயரம்தான் ஏழு சென்டிமீட்டர் பிசகிவிட்டது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "ரொம்ப அழகா இருக்குதுங்கண்ணா" என்றேன். பொய்யில்லை. உண்மையில் நான் தையில் வேலை ஆரம்பித்த அன்றே ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பளபளக்கிற கல்லைப் பார்த்தேன். "அட, நல்லா இருக்கே" என்று நினைத்தேன். அதோடு சரி. இன்ஜினியர் கண்ணுக்கு அழகு மட்டும்தான் தெரிந்தது.

என் ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது. நாமெல்லாம் கால் தடுக்காமல் காப்பாற்றும் என்று ஜெபிப்போம். எனக்கு ஆண்டவர் காலைத் தடுக்க வைத்தே பதில் சொன்னார். ஆனால் நான் நம்புவது வேறு, நாளைக்கு இன்சார்ஜும் டிபார்ட்மெண்டும் நம்புவது வேறு. அவர்களிடம் கால் இடறியது என்று சொல்ல முடியுமா? நிரூபிக்க வேண்டும்.

மல்லிகா அக்காவுக்குப் போன் செய்தேன். "அக்கா, ஒரு ரெண்டு மணி நேரம் வர முடியுமா?"

"என்னா பாப்பா, ஞாயித்துக்கெழமையுமா?" என்றார். ஆனால் அரை மணியில் வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் வாடிவிட்டது. "அய்யோ, நான்தான அங்க புடிச்சேன். மார்க்கு அங்கதான இருந்துச்சு?" உங்கள் மேல் தப்பில்லை அக்கா, நீங்கள் சரியாகத்தான் பிடித்தீர்கள், நானும் சரியாகத்தான் படித்தேன் என்று சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. நான் சரியாகத்தான் படித்திருக்கிறேன். என் கண் சரி. என் மூளை சரி. நேற்று முழுக்க நான் திட்டித் தீர்த்த அந்தப் பெண் ஓர் எண்ணைக்கூடத் தப்பாகப் படிக்கவில்லை.

மேல் ஏரியின் மதகுக்குப் போனோம். மதகின் அடிக்கல் உயரம் எங்கள் வரைபடத்திலேயே இருக்கிறது. அந்தக் கல்லை யாரும் தொடவில்லை. அங்கிருந்து மெஷினை நாலு இடம் மாற்றி மாற்றி வைத்து, ஆலயப் படி வரைக்கும் மட்டத்தைக் கொண்டுவந்தேன். கணக்குப் போட்டேன். அம்புக்குறி இருக்க வேண்டிய உயரத்தைவிட ஏழு சென்டிமீட்டர் அதிகம். பிறகு அதே வழியில் திரும்பி மதகு வரைக்கும் போய் முடித்தேன். புறப்பட்ட எண்ணுக்கும் வந்து சேர்ந்த எண்ணுக்கும் இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஏரிக்கரையில் நின்று மல்லிகா அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தேன். "உங்க சாமி பரவாயில்ல பாப்பா, கூப்ட்ட அன்னைக்கே வருது" என்றார் அக்கா.

செல்வம் சாருக்கு அடித்து வைத்திருந்த மெசேஜை அழித்தேன். போன் செய்தேன். வாய் உலரத்தான் செய்தது. உலர்ந்த வாயோடு பேசினேன்.

"ஏம்மா, சர்ச்சுப் படி ஒசந்துடுச்சுன்னா சொல்ற?"

"ஆமாங்க சார். ஏழு சென்டிமீட்டர்."

"மதகுல இருந்து பாத்தியா?"

"பாத்தேங்க சார். திரும்பிப் போய் முடிச்சும் பாத்தேன். ரெண்டு மில்லி."

சார் சொன்னார். "அந்தக் கல்லு ஒட்டனத நானுந்தான் பாத்தேன். எனக்குந்தான் தோணல." பிறகு, "நாளைக்கு நீயே சொல்லு" என்றார்.

திங்கட்கிழமை. டிபார்ட்மெண்ட் இன்ஜினியர் வந்தார். அதே பன்னிரண்டு பேரும் நின்றார்கள். செல்வம் சார் ஓரமாக ஒதுங்கிக்கொண்டார். நான் நோட்டைத் திறந்து, மதகில் ஆரம்பித்து, ஒவ்வோர் எண்ணாகச் சொன்னேன். முதல் நிமிஷம் குரல் நடுங்கியது. அப்புறம் நடுங்குகிறதா இல்லையா என்று பார்க்க மறந்துவிட்டேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மார்க்கை மேல மாத்தி வெச்சது யாரு?" என்றார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஆலய வாசலில் டேவிட் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். செய்தி அவர் காதுக்கும் போயிருந்தது. முகம் வெளுத்திருந்தது. நான் ஞாயிற்றுக்கிழமை செய்த ஜெபம் நினைவுக்கு வந்தது. காட்டினால் எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள்கிறேன் என்று சொன்னவள் நானல்லவா?

"தப்பு என்னுதுங்க சார்" என்றேன். "புதுக் கல்லு போட்டிருந்ததை நான் பாத்தேன். பாத்தும் விசாரிக்கல. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மார்க்கை இன்னொரு எடத்தோட ஒத்துப் பாத்திருக்கணும். அது என் வேலை. மேல் பாதி சரியா இருக்குதுங்க. அதைத் தொட வேண்டாம். கீழே போட்ட நூறு மீட்டர் அடிக் கான்கிரீட்டை மட்டும் எடுத்துட்டுத் திரும்பப் போடணும்."

இவ்வளவு நீளமாக நான் சைட்டில் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் வரைபடத்தை மடித்தார். "சரி, அப்படியே செய்யுங்க. இனிமே பெஞ்ச்மார்க் மதகுச் செவுத்துல இருக்கட்டும்" என்றார். பிறகு செல்வம் சாரைத் திரும்பிப் பார்த்து, "திரும்ப லெவல் யார் எடுக்கறது?" என்று கேட்டார்.

செல்வம் சார் யோசிக்கவே இல்லை. "எஸ்தர்தாங்க சார்."

பாப்பா இல்லை. எஸ்தர்.

மூன்று வாரத்தில் வாய்க்கால் சேர்ந்தது. இந்த முறை குடத்தை நானே வாங்கிக் கவிழ்த்தேன். தண்ணீர் இணைப்பைத் தாண்டியது. நிற்கவில்லை, யோசிக்கவில்லை, நேராகக் கீழ் ஏரியைப் பார்த்து ஓடியது. நானும் அதன் கூடவே வாய்க்காலுக்குள் கொஞ்ச தூரம் ஓடினேன். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்!

இப்போது பாலக்கோடு பக்கம் ஒரு பாலத்து வேலை என் பொறுப்பில் இருக்கிறது. இன்றும் கேள்வி கேட்டால் எனக்கு வாய் உலரும், அது போகவில்லை. ஆனால் பேசுவேன். தெரியாவிட்டால் தெரியவில்லை என்பேன், தெரிந்துகொண்டு வருகிறேன் என்பேன். மாறாதது என்று நினைக்கிற மார்க்கையும் வேலைக்கு முன்னால் ஒரு முறை நடந்துபோய்த் தொட்டுப் பார்ப்பேன். காலை ஜெபமும் மாறிவிட்டது. "கேள்வி வரட்டும் ஆண்டவரே, நீரும் கூட வாரும்" என்பதுதான் இப்போது.

இதை வாசிக்கிற தம்பி தங்கைகளே, படித்து முடித்துவிட்டு எனக்கு எதுவும் வரவில்லை என்று அறைக்குள் அழுகிறவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். ராஜினாமா மெசேஜை ஒரு நாள் அனுப்பாமல் வையுங்கள். உங்கள் கேள்வியை அவரிடம் நேராகக் கேளுங்கள். என்னைக் காப்பாற்றும் என்பதோடு, எனக்குக் காட்டும் என்றும் கேளுங்கள். காட்டுவார். காட்டுகிற விதம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், முழங்கால் சிராய்க்கலாம். ஆனால் காட்டுவார்.

கடைசியாக ஒன்று. என் நன்றிக் காணிக்கையை நான் உண்டியலில் போடவில்லை. ஒரு சனிக்கிழமை டேவிட் அண்ணனும் நானும் சேர்ந்து, ஆலயப் படிக்கு முன்னால் வாசல் அகலத்துக்குக் கான்கிரீட் தளம் போட்டோம். மட்டம் நான் எடுத்தேன். மல்லிகா அக்கா வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு அளவுகோல் பிடித்தார். தளத்தின் கனம் ஏழு சென்டிமீட்டர். மறுநாள் ஆராதனை முடிந்ததும் நான் முதலில் வெளியே வந்து ஓரமாக நின்றேன். குழந்தைகள், அம்மாக்கள், போதகர் ஐயா, எல்லாரும் பேசிக்கொண்டே, கீழே பார்க்காமலே இறங்கிப் போனார்கள்.